குறுக்கே போட்ட மேடை

ஹோட்டல் கூடம் ஒன்றைப் பார்க்கப் போனால் ஹஃப்ஸா முதலில் சரவிளக்கைப் பார்க்க மாட்டாள். கடைசி வரிசை நாற்காலி எங்கே வரும் என்று யோசித்து அங்கே போய் நிற்பாள். கையை ஒரு தட்டுத் தட்டி எதிரொலி எப்படித் திரும்புகிறது என்று கேட்பாள். அப்புறம் பின்பக்கம் போவாள். சாமான் லாரி எந்த வழியாக வரும், சமையல்காரர்கள் தட்டு தூக்கி வரும் வாசலும் மேடைக்கு ஏறும் வாசலும் முட்டிக்கொள்ளுமா என்றெல்லாம் பார்ப்பாள். கூடத்தைக் காட்ட வந்த மேனேஜர்கள் இத்தாலியப் பளிங்கு, புதுக் கார்பெட் என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் ஓடுவார்கள். அவள் காதில் ஒன்றும் விழாது.

வேலூர் சத்துவாச்சாரியில் அவளுக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. கம்பெனி விழாக்கள்தான் தொழில். ஷூ கம்பெனிகளின் ஆண்டு விழா, டீலர் கூட்டம், டாக்டர்கள் மாநாடு. கல்யாண மேடை மட்டும் போட மாட்டாள். தன் கல்யாணம் நிலைக்காததால்தான் அப்படி என்று மேல்விஷாரத்துச் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். உண்மையில், கல்யாண வீடுகளில் மாமன்மார் ஏழு பேர் ஏழு நிறம் சொல்வார்கள் என்பதுதான் காரணம். ஆனால் யாரையும் அவள் திருத்தப் போகவில்லை.

கார்த்திகை மழை ஓய்ந்த சமயத்தில் ஆம்பூரிலிருந்து தௌசீப் அகமது வந்தான். தாத்தா தொடங்கிய ஷூ கம்பெனி இப்போது அவன் கையில் இருந்தது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கம்பெனிக்கு நாற்பது வருஷம் நிறைகிறது, ஜனவரிக் கடைசியில் விழா, ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சரக்கு வாங்கும் பையர்கள் வருகிறார்கள் என்றான். அன்றைக்கே, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களை மேடைக்கு அழைத்து மரியாதை செய்ய வேண்டும். அதில் பெரும்பாலும் தையல் பிரிவுப் பெண்கள்.

"பையருங்க அசந்து போவணும் ஆபா," என்றான். அக்கா என்பதை ஆம்பூர்ப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். "பின்னாடி பெருசா எல்இடி சுவர் வேணும். கூரை வரைக்கும்."

"முதல்ல கூரை எவ்ளோ ஒசரம்னு பாக்கலாம் தம்பி," என்றாள் ஹஃப்ஸா.

மூன்று ஹோட்டல்களைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. ஏலகிரி அடிவாரத்தில் இருந்த ரிசார்ட்டில் புல்வெளி அழகாக இருந்தது. காற்று அடித்தால் பேக்டிராப் பட்டமாகப் பறந்துவிடும் என்று அதைத் தள்ளினாள். வேலூரில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் கூடத்தில் ஒரு தூண்கூட இல்லை. கூரை இருபதடிக்கு மேல். லாரி நேராக மேடைக்குப் பின்னால் வந்து நிற்கலாம். கை தட்டினாள், சத்தம் அடங்கிப்போயிற்று, எதிரொலி இல்லை. இதைவிட நல்ல கூடம் இந்தப் பக்கத்தில் கிடையாது என்று அங்கேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆம்பூர்ல ஹைவே ஓரமா ஒண்ணு இருக்குது ஆபா. என் சாச்சா சொல்லி அனுப்பினாரு. ஒரு மரியாதைக்குப் பாத்துட்டு வந்துடலாம்," என்றான் தௌசீப்.

மரியாதைக்குத்தான் போனார்கள். வரவேற்பில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். விழா மேனேஜர் வருவார் என்றார்கள். சாம்பல் நிறக் கோட்டில், காதோரம் நரைத்து, வேகமாக நடந்து வந்தவனைப் பார்த்ததும் ஹஃப்ஸா எழுந்துவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாங்க சார். வாங்க மேடம்," என்றான் சமீருல்லா.

அட்டையை நீட்டினான். அந்தப் பெயரை இப்போதுதான் முதல் முறை பார்ப்பதுபோல அவள் வாங்கிப் படித்தாள். ஐந்து வருஷம் அவள் புருஷனாக இருந்தவன். பிரிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மஸ்கட்டில்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவன் வேலூர் ஹோட்டல் ஒன்றில் பந்தி மேற்பார்வை. அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக மேடை வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு அந்த ஹோட்டலுக்கு வந்துபோவாள். மேஜை எங்கே, மேடை எங்கே என்று சண்டை போட்டே பழகினார்கள். அவன் வீட்டில் உருது, அவள் வீட்டில் தமிழ். கல்யாணமான பிறகு இருவருக்கும் கோபம் தமிழில் வரும், கொஞ்சல் உருதுவில் வரும். அவள் சொந்தமாகத் தொழில் தொடங்கிய வருஷம் அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. இரண்டே வருஷம் என்றான். அவளும் வருவதாகத்தான் பேச்சு. இந்த சீசன் முடியட்டும் என்றாள், அடுத்த சீசன் முடியட்டும் என்றாள். அவனும் இந்த ஒப்பந்தம் முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்றான். போன் பேச்சு குறைந்தது. பெரியவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவளே போனில், "இப்படியே இழுக்கறதுக்கு முடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். அவன் திட்டுவான், அடுத்த விமானத்தில் வந்து நிற்பான் என்றுதான் கேட்டாள்.

"உன் இஷ்டம்," என்றான் அவன்.

அவள் கேட்டு வாங்கிய மணவிலக்காக, குலாவாக, ஜமாத்தில் நாலு பேர் முன்னிலையில் அது முடிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் எத்தனையோ நல்ல வார்த்தை கேட்டிருக்கிறாள். உள்ளே தங்கிப்போனது அந்த ஒரு சொல்தான்.

சமீருல்லா கூடத்தைத் திறந்து விளக்குகளைப் போட்டான்.

"மறைக்காம சொல்லிடறேன் சார்," என்றான் தௌசீப்பிடம். "கூரை பதிமூணு அடிதான். நடுவுல ரெண்டு தூண் இருக்குது. நீங்க கேக்கற மாதிரி ஒசரமா எல்இடி நிக்காது. வேலூர்ல புது ஹோட்டல் பாத்தீங்களா? அது நல்ல ஹால்."

தௌசீப் சிரித்துவிட்டான். "சமீர் பாய், உங்க முதலாளி கேட்டா இன்னா ஆவும்?"

"விழா அன்னிக்கு நீங்க கேக்கறதுக்கு இன்னிக்கே நான் சொல்லிடறது மேல் சார்."

அவன் மாறவில்லை என்று ஹஃப்ஸாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் பயந்து தரையைப் பார்த்தாள். கடைசி வரிசைக்குப் போய் நிற்கவில்லை. கை தட்டிப் பார்க்கவும் மறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து தௌசீப்புக்கு எழுதினாள். மூன்று இடங்களின் நிறைகுறைகளைச் சொல்லி, கடைசியில் ஆம்பூர் ஹோட்டலே சரி என்று எழுதினாள். தையல் பிரிவுப் பெண்கள் பேரணாம்பட்டிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள். வேலூரில் விழா வைத்தால் அவர்கள் வீடு போய்ச் சேர நேரமாகிவிடும். ஆம்பூரில் வைத்தால் கம்பெனி பஸ்ஸிலேயே வந்து பஸ்ஸிலேயே திரும்பலாம். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காரணம், முடிவு செய்த பிறகு தேடிக் கண்டுபிடித்தது.

"எங்க அம்மாவும் இதையேதான் சொன்னாங்க ஆபா," என்று தௌசீப் பதில் அனுப்பினான்.

அவளுக்கு மேடை கட்டித் தருகிறவர் குடியாத்தத்துக் கோதண்டபாணி. தச்சு, வெல்டிங், துணி எல்லாம் அவர் ஆட்கள்தான். பழைய நாளிலிருந்தே கூட இருப்பவர். வரைபடத்தைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"இன்னாம்மா இது? இந்தக் குட்டைக் கூரையிலயா? அதுவும் நட்ட நடுவுல தூணு. வேலூர் ஹாலுக்கு இன்னா கேடு?"

"பொம்பளைங்க வந்துபோக வசதிண்ணா."

அளவெடுக்க இருவரும் ஆம்பூருக்குப் போனார்கள். வாசலில் சமீருல்லா வந்து வணக்கம் சொன்னான். கோதண்டபாணி அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

"கூரை சரியாத்தான் இருக்குது," என்றார்.

ஆனால் கூரை சரியாக இல்லை. அளந்து பார்த்தபோது பிரச்சினை நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கூடத்தின் ஒரு கோடியில் மேடை போட்டால் பாதிப் பேருக்குத் தூண்தான் தெரியும். மேடையை உயர்த்தினால் மேலே நிற்பவர்களின் தலை விளக்கில் இடிக்கும். டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஹஃப்ஸா சுவரோரம் நின்றாள். மறு நுனியைச் சமீருல்லா வாங்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்கு நடந்தான். யாரும் சொல்லவில்லை, பழைய நாட்களில் அப்படித்தான். அளவைப் பார்த்தவன் நிமிர்ந்தான். அவளும் நிமிர்ந்தாள்.

"குறுக்கால போட்டா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

கோதண்டபாணி சிகரெட் பிடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். அவர் சிகரெட்டை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

நீளச் சுவரை ஒட்டி, இரண்டு தூண்களுக்கும் பின்னால், அகலமாகத் தாழ்ந்த மேடை. தூண்கள் மேடைக்கு வாசல்கால் போல நிற்கும். நாற்காலிகள் அரைவட்டமாகச் சுற்றி வந்தால் யாருமே தூரத்தில் இருக்க மாட்டார்கள். படிக்குப் பதிலாக இரு பக்கமும் சரிவுப் பாதை.

"முட்டி வலிக்காரங்க இருப்பாங்க," என்றாள் ஹஃப்ஸா. "நாள் பூரா மெஷின்ல மிதிக்கறவங்க."

"ரெண்டடி ஒசரம் போதும். அதுக்கு மேல வேணாம்," என்றான். கொஞ்சம் நின்று, "எல்இடிக்கு இன்னா பண்ணப் போற?" என்றான்.

நீங்கள் என்று அதுவரை பேசியவன். தான் சொன்னது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமானான். கார் ஏறும்வரை அவள் அந்தப் 'பண்ணப் போற'வை வாய்க்குள் இனிப்பு மிட்டாய் போல வைத்திருந்தாள்.

எல்இடிக்குப் பதில் தொழிற்சாலையில் கிடைத்தது. ஷூவின் மேல்பகுதிக்குத் தோல் வெட்டும் அச்சுகளை அவள் அங்கே பார்த்தாள். நாக்கு போல ஒன்று, இறக்கை போல ஒன்று. அதே உருவங்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கம்பெனியின் தோலிலேயே செய்து, தையல் கோடுகளுக்குப் பின்னால் விளக்கு வைத்தால் பதிமூன்று அடிக் கூரைக்குள் ஒரு சுவர் நிற்கும். தௌசீப் முதலில் முகத்தைச் சுளித்தான். சின்னதாக ஒன்று செய்து காட்டியதும் ஒப்புக்கொண்டான். அதைத் தைக்கிற பொறுப்பு தையல் பிரிவு மேஸ்திரி மீனாம்பாளிடம் வந்தது. பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரி. பதினெட்டு வயதில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். விழாவில் மேடையேறப் போகிறவர்களில் அவளும் ஒருத்தி.

"எங்களுக்கு மரியாதை பண்றதுக்கு எங்களையே தைக்கச் சொல்றியா?" என்றாள் மீனாம்பாள்.

"நீங்க தைக்கலன்னா அது உங்க மேடை இல்ல, என் மேடைக்கா," என்றாள் ஹஃப்ஸா. மீனாம்பாள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நூல் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

அந்த மாதம் முழுதும் ஹஃப்ஸா ஆம்பூருக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு போனில் முடிகிற வேலைக்கும் நேரில் போனாள். மேஜை விரிப்பு, மின்சாரப் பெட்டி, கைகழுவும் இடம் என்று ஏதாவது ஒன்று இருந்தது. சாப்பாடு ருசி பார்க்கும் நாளில், பிரியாணி தட்டில் வந்ததும் சமீருல்லா கத்திரிக்காய்க் கிண்ணத்தை எடுத்து, கேட்காமலே, அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். தௌசீப் பக்கத்தில் இருந்ததால் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிண்ணத்தை மட்டும் காலி செய்தாள்.

அடுத்த முறை கோதண்டபாணி வண்டியை ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"தனியாத்தான் இருக்காராம். வேற நிக்காஹ் ஒண்ணும் பண்ணிக்கல. நீ கேக்கச் சொல்லல. நானாத்தான் கேட்டேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணா இந்த வேலை?"

"அதான் நானாத்தான் கேட்டேன்னு சொன்னேனே."

மாதனூர் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். பாலாறு மணலாக நீண்டுகிடந்தது. குலாவில் பிரிந்தவர்கள் இருவரும் விரும்பினால் மறுபடி நிக்காஹ் செய்துகொள்ளலாம், அதில் தடை ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை அன்றைக்குத்தான் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கூடத்துக்குப் பின்னால் துணிகள் அடுக்கியிருந்த நடையில் அவன் அவளை நிறுத்தினான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். விழா முடிஞ்ச மறுநாள் எனக்கு இங்க கடைசி நாள். திரும்ப மஸ்கட் போறேன். பழைய முதலாளி புதுசா ஒரு ஹோட்டல் தொறக்கறாரு. மழைக்காலத்துலயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"மழைக்காலத்துலயே," என்றாள்.

"நீ இங்க வர்றதுக்கு முன்னாடி."

துணி மூட்டைகளில் கஞ்சி வாசனை அடித்தது. நிறையச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"நல்லது," என்றாள். "மேஜை விரிப்பு வெள்ளையா, சந்தன நிறமான்னு சொல்லிடுங்க. கோதண்டபாணி அண்ணன் கேட்டுட்டே இருக்காரு."

"சந்தன நிறம்," என்றான் அவன்.

திரும்பி வரும் வழியில் பள்ளிகொண்டாவில் காரை ஓரம் கட்டினாள். நெடுநேரம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் மேல் கோபம் வரவில்லை. அவனுக்காக ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதற்காக ஒரு கம்பெனியின் விழாவையே திருப்பிப் போட்டாள். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. அவனும் கேட்கவில்லை. அன்றைக்கு மஸ்கட்டுக்கும் வேலூருக்கும் நடுவே கடல் இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு நடுவில் ஒரு துணி மூட்டைதான் இருந்தது.

விழா சனிக்கிழமை பிற்பகலில். பஸ்கள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டன. பட்டுப் புடவைகளும் புதுப் புர்காக்களுமாகப் பெண்கள் இறங்கி வந்து, தாங்கள் தைத்த சுவரைப் பார்த்து நின்றார்கள். பின்னாலிருந்து விளக்கு எரிய, ஒவ்வொரு தையலும் பொன் கோடாக ஓடியது. கூடம் முழுக்கத் தோல் வாசனை. "அது எங்க லைன் தெச்சது," என்று ஒருத்தி தன் பிள்ளைக்குக் காட்டினாள்.

பையர்கள்தான் வரவில்லை. பெங்களூர் விமான நிலையத்திலிருந்து வந்த கார்கள் வாணியம்பாடிக்கு முன்னால், ஒரு லாரி கவிழ்ந்ததில் மாட்டிக்கொண்டு நின்றன. தௌசீப் போனும் கையுமாக மேடைக்குப் பின்னால் நடந்தான்.

"வெயிட் பண்ணலாம் ஆபா. அவங்க இல்லாம எப்படித் தொடங்கறது?"

"யாருக்கு விழா தம்பி?" என்றாள் ஹஃப்ஸா. "இவங்கள்ல பாதிப் பேருக்கு வீட்ல சமையல் காத்துட்டு இருக்கும். வெள்ளக்காரங்க வரட்டும், வந்து கடைசி வரிசையில நின்னு பாக்கட்டும். அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

சமீருல்லா பக்கத்தில் வந்து நின்றான். "இன்னொரு ரவுண்டு டீ அனுப்பிட்டேன் சார். மேடம் சொல்றது சரி. இதுக்கு மேல டீ குடிச்சா அவங்க எழுந்து போய்டுவாங்க."

தௌசீப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி, தொடங்குங்க," என்றான்.

பெயர் கூப்பிடக் கூப்பிடப் பெண்கள் சரிவில் ஏறி வந்தார்கள். யாரும் தடுமாறவில்லை, யாரும் கைப்பிடி தேடவில்லை. தௌசீப்பின் தாயார் ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்தினார். மீனாம்பாள் முறை வந்தபோது தொகுப்பாளர் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார். அவள் மைக்கை ஒரு கையில் பிடித்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டைப் பார்த்தாள்.

"லைட்டு கண்ணக் கூசுது," என்றாள் கடைசியில். "எனக்கு ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. எம் பொண்ணு எங்க குந்தினு இருக்கான்னு நான் பாக்கணும்."

கூடம் சிரித்தது. கூடத்து விளக்குகளைப் போடச் சொல்ல ஹஃப்ஸா வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள். அவள் சொல்வதற்குள் விளக்குகள் மெல்ல எரியத் தொடங்கின. வரிசை வரிசையாக முகங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. நான்காவது வரிசையில் ஒரு பெண் எழுந்து கையை ஆட்டினாள். மீனாம்பாள் அவளைப் பார்த்தாள். "ஆங்," என்றாள் மைக்கில். சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபக்கச் சரிவில் இறங்கிப் போனாள்.

எதிர்ச்சுவர் ஓரம், விளக்குப் பலகையின் மேல் கை வைத்தபடி சமீருல்லா நின்றான். அவன் மேடையைப் பார்க்கவில்லை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஹஃப்ஸாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்தும் கண்ணை எடுக்கவில்லை. அவளாலும் எடுக்க முடியவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள், கை தட்டினார்கள், அதற்கும் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பையர்கள் பாதியில் வந்து சேர்ந்தார்கள். தோல் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தௌசீப் சந்தோஷமாக இருந்தான்.

மறுநாள் காலையில் மேடையைப் பிரித்தார்கள். கோதண்டபாணியின் ஆட்கள் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தோல் பலகைகளைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போக வண்டி வந்திருந்தது. சமீருல்லா கோட் இல்லாமல் சாதாரணச் சட்டையில் வந்தான். இன்னும் பிரிக்காத மேடை ஓரத்தில் ஹஃப்ஸா உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி அவனும் உட்கார்ந்தான். கோதண்டபாணி தன் ஆட்களை எல்லாம் வண்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்.

"வேலூர் ஹாலுக்கே போயிருக்கலாம்," என்றாள் ஹஃப்ஸா. "முதல் நாளே எனக்குத் தெரியும். நீங்க இங்க இருந்தீங்க. அதனாலதான் இங்க வந்தேன்."

"தெரியும்," என்றான்.

"தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லல."

"வேணாம்னு சொன்னா நீ வேலூர் போய்டுவியே."

அவள் கை விரல்களைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "இப்ப போகாதீங்கன்னு சொன்னா?"

அவன் மேடைப் பலகையின் ஓரத்தைக் கையால் தடவினான்.

"சொன்னாலும் போகத்தான் போறேன் ஹஃப்ஸா. வாக்கு குடுத்துட்டேன். அவரு என்னை நம்பி ஆளுங்களை எடுத்துட்டாரு. ஆனா நீ சொல்லு. ஒரு தடவையாவது அதைக் காதால கேட்டுட்டுப் போறேன்."

"போகாதீங்க," என்றாள்.

சொல்லிவிட்டாள். அவ்வளவு சின்ன வார்த்தை. அவன் தலையைக் குனிந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"அன்னிக்கு நீ போன்ல கேட்டப்ப," என்றான், "நீ முடிவு பண்ணிட்டுத்தான் கேக்கறேன்னு நெனச்சேன். தடுத்தா உன்னைக் கட்டிப்போடற மாதிரி ஆயிடும்னு."

"நீங்க தடுப்பீங்கன்னு நெனச்சுத்தான் நான் கேட்டேன்."

"இப்படி ரெண்டு முட்டாளுங்க," என்று உருதுவில் சொன்னான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்ப நானும் ஒண்ணு கேட்டுடறேன். நீ வர்றியா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். மேல்விஷாரத்தில் அம்மா, இடுப்பு எலும்பு முறிந்து இப்போதுதான் கோல் பிடித்து நடக்கிறாள். ஆபீசில் அவளை நம்பி நாலு பேர். இதெல்லாம் சாக்கு இல்லை. சாக்கு எது, காரணம் எது என்று இந்த ஆறு வருஷத்தில் பிரித்துப் பார்க்கக் கற்றிருந்தாள்.

"இப்ப முடியாது," என்றாள். "வரமாட்டேன்னு சொல்லல. இப்ப முடியாது."

"சரி," என்றான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "கேட்டேன்ல?" என்றான்.

"கேட்டீங்க."

வெளியே கோதண்டபாணி ரொம்பச் சத்தமாக யாரையோ திட்டினார், பலகையை மெதுவாக வைக்கச் சொல்லி. இருவரும் எழுந்தார்கள். சில நாள் கழித்து அவன் விமானம் ஏறும்போது அவள் ராணிப்பேட்டையில் ஒரு டீலர் கூட்டத்துக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தாள். 'ஏறிட்டேன்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தான். முன்பெல்லாம் அவன் நினைப்பு வரும்போது கூடவே ஒரு கசப்பும் வரும். அதைக் கையில் பிடித்துக்கொண்டால் நினைப்பைத் தாங்கிவிடலாம். இப்போது அந்தக் கசப்பு போய்விட்டது. வெறும் ஏக்கம் மட்டும், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல், நின்றது. அது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்னைவிட நன்றாகவும் இருந்தது.

ரமலான் பிறந்தது. மேல்விஷாரத்தில் அம்மாவோடு நோன்பு திறக்க அவள் தினமும் வந்துவிடுவாள். இரண்டாம் நாள், பேரீச்சம்பழம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மக்ரிப் தொழுது எழுந்தபோது போன் அடித்தது.

"தொறந்தாச்சா?" என்றான் சமீருல்லா.

"ஆச்சு. நீங்க?"

"எங்க? இங்க இன்னும் வெயில் போகல. புது ஹால்ல நிக்கறேன். பெயிண்ட் வேலை நடக்குது. பசி உயிர் போகுது."

"பசிக்குதுன்னு நோன்பாளி சொல்லக் கூடாது."

"உன்கிட்டதானே சொல்றேன்."

பேச்சு ஓடியது. கூடத்துக்கு எத்தனை வாசல், கூரை எவ்வளவு, மேடையை எந்தச் சுவரில் வைக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். வைக்கிற இடம் தப்பு என்றாள். முதலாளியிடம் நீயே சொல்லு என்றான். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் இருவரும் போனை வைக்கவில்லை. அங்கே யாரோ ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது. இங்கே அம்மா சமையலறையிலிருந்து, கஞ்சி ஆறுதே, குடிக்கலையா என்று கேட்டாள்.

"குடிக்கிறேம்மா," என்றாள் ஹஃப்ஸா. கிண்ணத்தை மூடி பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே முழுக்க இருட்டிவிட்டது. தெருவில் பிள்ளைகள் தராவீஹ் இரவுத் தொழுகைக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, மஸ்கட்டில் நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்காகக் காத்திருந்தாள்.